மறுமொழி: 'பைரேட் ரேடியோ'வுக்குத் தமிழ்ச் சொல்

> 'கடற்கொள்ளை வானொலி' என்றே வைத்துவிடலாமே. நேர்ப்பொருள், குழப்பமில்லை.

நண்பரே, குழப்பமே அங்கேதான். பைரேட் ரேடியோ என்றால் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பும் நிலையம், அவ்வளவுதான். 1964இல் ரேடியோ கரோலின், பிரிட்டனின் கடல் எல்லைக்கு வெளியே கப்பலை நிறுத்திப் பாட்டுப் போட்டது. 1967இல் சட்டம் கொண்டுவந்து நெருக்கினார்கள். அந்தக் கதைக்கு உங்கள் சொல் பொருந்தும். நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் கடலே கிடையாது.

அது 1980களின் தொடக்கத்து லண்டன். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனால் உரிமம் பெற்ற நிலையங்களில் ரெகே (ஜமைக்காவில் பிறந்த இசை) கேட்க வாரத்தில் சில மணி நேரம்தான். அப்போது லெப்கி என்ற லீராய் ஆண்டர்சன் தொடங்கியதுதான் 'ட்ரெட் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன்', சுருக்கமாக டிபிசி. பிபிசிக்குப் பெயரிலேயே ஒரு குத்து! பிரிட்டனில் கறுப்பினத்தவர் நடத்திய முதல் வானொலியாக இதைத்தான் சொல்கிறார்கள். 1984 வரை ஓடியது. அந்த ஆண்டு வந்த தொலைத்தொடர்புச் சட்டம், கருவிகளைப் பறிமுதல் செய்வதை எளிதாக்கியது. அடுத்து வந்தவர்கள் ஸ்டூடியோவை ஓரிடத்திலும் ஒலிபரப்பியை வேறொரு அடுக்குமாடியின் உச்சியிலும் வைத்தார்கள். ரெய்டு வந்தால் மொட்டைமாடிப் பெட்டியோடு போகட்டும் என்ற கணக்கு.

இவர்கள் எதைக் கொள்ளையடித்தார்கள்? 'திருட்டு வானொலி' என்றால் திருட்டு விசிடிதான் நினைவுக்கு வரும். 'கள்ள வானொலி'யில் கள்ளநோட்டின் போலித்தனம் ஒட்டிக்கொள்கிறது. அதைவிட, 'கள்ளத்தோணி' என்று இலங்கையில் மலையகத் தமிழரை இழிவுபடுத்தியதை மறக்க முடியவில்லை. குடியேறி வந்த இன்னொரு சமூகத்தின் மேல் அதே அடைமொழியை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை: மீறலை (மீறும் அலை).

---

ஐயா, சொல் அழகுதான். ஆனால் "நான் சட்டத்தை மீறலை" என்று நாம் பேசுவதில்லையா? நேர் எதிர்ப்பொருள் ஆகிவிடுகிறதே! வேற்றுமை உருபு சேர்த்தால் 'மீறலையை' வேறு. நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

'உரிமமிலி வானொலி' எப்படி? அமெரிக்காவுக்கும் பொருந்தும். 1987இல் இல்லினாய் மாநில ஸ்பிரிங்ஃபீல்டில், பார்வையற்றவரான ம்பன்னா கன்டாக்கோ, தாம் வாழ்ந்த அரசுக் குடியிருப்பிலிருந்தே 1 வாட் ஒலிபரப்பியில் பேசத் தொடங்கினார். 750 டாலர் அபராதம் விதித்தும் நிறுத்தவில்லை. அவருக்கு இல்லாதது உரிமம்தான், உரிமை அல்ல.

---

'மீறலை' விஷயத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன். திரும்பப் பெறுகிறேன்.

உரிமமிலியில் ஒரே பயம், அச்சில் அது 'உரிமையிலி' ஆகிவிடக்கூடாது. ஆனால் ஒரு வசதியும் இருக்கிறது. லண்டனின் கிஸ் எஃப்எம் 1985இல் உரிமமில்லாமல் தொடங்கி 1990இல் உரிமத்தோடு ஒலிபரப்பிய நிலையம். அந்த இடத்தில் 'இலி'யைக் கழற்றிவிட்டால் போதும். 'முன்னாள் கொள்ளை வானொலி' என்றெல்லாம் எழுத வேண்டாம்.

சரி, கட்டுரையில் 'உரிமமிலி வானொலி' என்றே போடுகிறேன். அவர்களே தங்களைப் 'பைரேட்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இடங்களில் மட்டும் 'பைரேட்' அப்படியே இருக்கட்டும். 'கம்யூனிட்டி'க்குச் சமூகமா, சமுதாயமா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அதைத் தொட்டால் இன்று தூக்கம் போய்விடும்.