பிளெட்ச்லி பார்க்கைக் காப்பாற்றியது ட்விட்டரா?

பழைய ரேடியோ:
இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை பிரிட்டிஷார் உடைத்த இடம், இங்கிலாந்தில் இருக்கிறது. 2008-ல் கணினி அறிவியலாளர் சூ பிளாக் போய்ப் பார்த்தபோது மரக்குடில்கள் இற்றுப்போய்க் கிடந்தன. ட்விட்டரில் இறங்கினார். 2009 பிப்ரவரியில் நடிகர் ஸ்டீபன் ஃபிரை லிஃப்டில் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்தே ட்வீட் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து சூ பிளாக் செய்தி அனுப்ப, ஃபிரையும் ஊருக்கெல்லாம் சொல்ல, விஷயம் பற்றிக்கொண்டது. 2011-ல் பழைய இடங்களைப் பாதுகாக்க லாட்டரிப் பணத்தைக் கொடுக்கும் பிரிட்டிஷ் நிதியிலிருந்து 46 லட்சம் பவுண்டு! வேறென்ன சாட்சி வேண்டும்?

கல்வெட்டுப்பூனை:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 1991-லேயே அந்த இடம் இடிபட இருந்தது. உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தார், அங்கே வேலை பார்த்த சுமார் 400 பேரைத் தேடிப்பிடித்து, பிரியாவிடை கொடுக்கத்தான் கூட்டினார்கள். அவர்கள் பேசப் பேச, இதை விடக்கூடாது என்று தோன்றிவிட்டது. அடுத்த வருஷமே அறக்கட்டளை. அப்போது ட்விட்டர் ஏது?

பழைய ரேடியோ:
சரி, 1992-ல் அறக்கட்டளை. 16 வருஷம் கழித்தும் குடில் ஏன் அப்படிக் கிடந்தது? நல்லவர்கள் இருந்தார்கள், காசுதான் இல்லை. நாலு பேருக்குத் தெரியாத இடத்துக்கு யார் கொடுப்பார்கள்?

மூன்றாம் வரிசை:
நாலு பேர் நாலாயிரம் ஆனால் என்ன நடக்கும் தெரியுமா? ஆஷ்விட்ஸ் போர்த்தளம் இல்லை, நாஜிகளின் வதைமுகாம், இருந்தாலும் சொல்கிறேன். அங்கே போகிறவர்கள், மக்களைக் கொல்லக் கொண்டுவந்த ரயில் தண்டவாளத்தில் ஏறி, கையை விரித்துப் படமெடுத்துப் போட்டார்கள். 2019 மார்ச்சில் அந்த நினைவகமே கண்டிக்க வேண்டியதாயிற்று.

பழைய ரேடியோ:
எங்கே கண்டித்தது? ட்விட்டரில்!

மூன்றாம் வரிசை:
சேற்றைக் கழுவ அதே குளம். நல்லாயிருக்கு.

கல்வெட்டுப்பூனை:
எனக்கு உறுத்துவது வேறு. பிளெட்ச்லியில் உச்சக்கட்டத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர், முக்கால்வாசி பெண்கள். 1970-களின் நடுப்பகுதி வரை கட்டினவரிடம்கூட வாய் திறக்காமல் இருந்தார்கள். அந்த மௌனத்தை ஒரு ஹேஷ்டேக்கில் அடைக்கிறீர்கள்.

பழைய ரேடியோ:
அடைக்கவில்லை, திறக்கிறோம். அங்கே வேலை செய்தவர்களின் பெயர்ப்பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பாட்டியின் பெயரை அதில் பார்க்கிற பேத்தி அதை எங்கே போய்ச் சொல்வாள்?

கல்வெட்டுப்பூனை:
முதலில் அம்மாவிடம்.