ஆன்தெல்மின்டிக் ரெசிஸ்டன்ஸ்: கோழிப் புழுவுக்கு எந்தச் சொல் பொருந்தும்?

அனைவருக்கும் வணக்கம்.

கோழி வளர்ப்புச் சொற்பட்டியலில் 'ஆன்தெல்மின்டிக் ரெசிஸ்டன்ஸ்' மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வரைவில் 'புழு எதிர்ப்பு' என்று இருக்கிறது. அது ஒத்துவராது. 'புழு எதிர்ப்பு மருந்து' என்றால் புழுவை எதிர்க்கும் மருந்து. 'புழு எதிர்ப்பு உள்ள கோழி' என்றால் புழுவுக்கு ஈடுகொடுக்கும் கோழி. நாம் சொல்ல வருவதோ மருந்தை எதிர்க்கும் புழு. ஆகவே 'மருந்துமீறல்' என்பதை முன்மொழிகிறேன். விளக்கம்: குடற்புழு நீக்கம் செய்த பிறகும் புழு போகாத நிலை.

– சொற்பட்டியல் தொகுப்பாளர்

*

> குடற்புழு நீக்கம் செய்த பிறகும் புழு போகாத நிலை

ஐயா, சொல்லைவிட இந்த விளக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. புழு போகாததற்கு மருந்தெதிர்ப்பு ஒன்றே காரணம் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். வீட்டுக் கோழிகளில் அதைவிட அடிக்கடி நடப்பவை வேறு.

முதலாவது, பொருந்தாத மருந்து. பைப்பரசின் வளர்ந்த பெரிய உருண்டைப்புழுவை (அஸ்காரிடியா) மட்டுமே வெளியேற்றும். மயிர்ப்புழுவுக்கும் (கேப்பில்லேரியா) நாடாப்புழுவுக்கும் அதனால் பயனில்லை. எச்சத்தில் அரிசிமணி போன்ற துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. அதற்குப் பிராசிகுவான்டெல் வேண்டும்.

இரண்டாவது, அளவு குறைவது. ஃபென்பெண்டசோல் பெரிய உருண்டைப்புழுவுக்கும் குருட்டுக்குடல் புழுவுக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் தொடர்ந்து 5 நாள் தரப்படுகிறது. தலா ஒன்றரை கிலோ உள்ள 10 கோழிகளுக்கு நாளொன்றுக்கு 15 மி.கி.; மில்லிக்கு 100 மி.கி. உள்ள திரவ மருந்து என்றால் வெறும் 0.15 மில்லி. கண்ணளவில் ஊற்றினால் இது சரியாக வராது. சிறிய ஊசிக்குழலால்தான் அளக்க வேண்டும். ஃபென்பெண்டசோல் நீரில் கரையாத பொருள். ஆடுமாடுகளுக்கு வாயில் புகட்டும், மருந்துத் துகள் கரையாமல் மிதக்கும் திரவத்தைக் குடிநீர்த் தொட்டியில் கலந்தால் அடியில் படிந்துவிடும். முதலில் குடிக்கும் கோழிக்கு மருந்தே கிடைக்காது, கடைசிக் கோழிக்கு அளவு மீறும். குடிநீரில் தருவதற்கென்றே தயாரித்த மருந்தாக இருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு கோழியையும் எடைபோட்டு வாயில் புகட்ட வேண்டும். மயிர்ப்புழுவுக்கு இந்த அளவே போதாமல் போகலாம். மருத்துவர் அளவைக் கூட்டித் தருவார். முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதும் மருந்துக்கு மருந்து மாறும்.

மூன்றாவது, மறுதொற்று. உருண்டைப்புழுவின் முட்டை ஈரமான, வெப்பமான மண்ணில் இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு முதிரும். பிறகு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்புழுவும் அதைச் சுமக்கும். கோழி சுத்தமாகிவிடும், முற்றம் சுத்தமாகாது. ஈரக் கூளத்தை அள்ளாமல் மருந்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் பின்னாளில் உண்மையான எதிர்ப்பை வளர்த்துவிடுகிறது. அதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

– கால்நடை மருத்துவர்

*

புழு மருந்துக்குத் தப்பியதா, புதிதாகத் தொற்றியதா என்று பிரித்தறிய ஆய்வக முறை ஒன்று உண்டு, அதையும் பட்டியலில் சேர்க்கலாம். மருந்துக்கு முன் ஒருமுறை, கடைசி வேளை தந்து 14ஆம் நாள் ஒருமுறை, எச்சத்தில் புழு முட்டைகளை எண்ணுவது. ஒரே கூட்டத்தின் பல புதிய எச்சங்களைச் சேர்த்து 4 கிராம் எடுத்து, நிறைவுற்ற உப்புக் கரைசல் 56 மில்லியில் கலக்கி வடிகட்டி, மெக்மாஸ்டர் தட்டின் (நுண்ணோக்கியில் முட்டை எண்ணும் கண்ணாடித் தட்டு) இரண்டு அறைகளிலும் எண்ணி, மொத்தத்தை 50ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை முட்டை என்று கிடைக்கும். முன்பு 1000, பின்பு 300 என்றால் குறைவு 70 விழுக்காடு. 90க்குக் கீழே போனாலே சந்தேகிக்க வேண்டும்.

பதினான்கு நாளுக்குக் காரணம் இருக்கிறது. பெரிய உருண்டைப்புழு கோழிக்குள் போய் முட்டையிட 5 முதல் 8 வாரம் ஆகிறது. 14ஆம் நாள் காணும் முட்டை புதுத் தொற்றால் வந்திருக்க முடியாது. மருந்துக்குத் தப்பிய புழு இட்டது. மூன்றாம் மாதம் மட்டும் எண்ணினால் தப்பியதா புதிதா என்று பிரித்தறிய வழியில்லை. இன்னொரு சிக்கல்: உருண்டைப்புழு முட்டையும் குருட்டுக்குடல் புழு முட்டையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும். இரு முனையிலும் அடைப்புள்ள எலுமிச்சை வடிவ முட்டை தெரிந்தால் மட்டும் மயிர்ப்புழு என்று உறுதியாகச் சொல்லலாம்.

சொல்லுக்கு வருகிறேன். 'மருந்துமீறல்' வேண்டாம். விதிமீறல் போல, மருந்து முறையை வளர்ப்பவர் மீறியதாகவே படிக்கத் தோன்றும். தப்பிப் பிழைத்தவற்றுக்கு 'எச்சப்புழு' என்று தனிமடலில் ஒருவர் சொல்லியிருந்தார். பறவை விஷயத்தில் எச்சம் என்றால் கழிவு. சாணத்தில் நெளியும் புழு என்றுதான் பொருள் போகும். 'பிழைத்த புழு' போதும். சோதனைக்கு 'எச்ச முட்டைக்குறைவுச் சோதனை' என்று வைக்கலாம், அங்கே எச்சம் சரியான இடத்தில் இருக்கிறது.

– ஒட்டுண்ணி ஆய்வகத்திலிருந்து

*

இருவருக்கும் நன்றி. மருந்துமீறலை விட்டுவிடுகிறேன். காசநோய் தொடர்பாக 'மருந்து எதிர்ப்பு' ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல்; அதையே சேர்த்து எழுதி, எதிர்ப்பவரை முன்னால் வைத்தால் குழப்பம் தீரும். பதிவு இப்படி:

புழுவின் மருந்தெதிர்ப்பு: சரியான மருந்தைச் சரியான அளவில் தந்தும் பிழைக்கும் திறன் புழுக்கூட்டத்தில் வழிவழியாக இறங்குவது. முட்டைக்குறைவுச் சோதனையால் சந்தேகிக்கப்படும். பொருந்தா மருந்து, குறை அளவு, மறுதொற்று ஆகியவை இதில் அடங்கா.

– சொற்பட்டியல் தொகுப்பாளர்

*

'வழிவழியாக' என்பது மிக முக்கியம், அதை வெட்ட வேண்டாம். வான்கோழியின் உருண்டைப்புழுவில் ஃபென்பெண்டசோலுக்கு எதிர்ப்பு அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. ஆகவே இது வெறும் ஏட்டுச்சொல் அல்ல. ஒரு திருத்தம் மட்டும்: 'சரியான அளவில்' என்பதை 'எடைபோட்டுக் கணக்கிட்ட அளவில்' என்று மாற்றுங்கள்.

– கால்நடை மருத்துவர்