மாத்திரை ஏன் மிஞ்சியது? எச்ஐவியும் மனச்சோர்வும்: நம் அனுபவங்கள்

பழைய கவுன்சிலர்:

எச்ஐவி உள்ளவர்களுக்கு ஆலோசகராகப் பல வருடம் இருந்தேன். மாத்திரை வாங்க வருகிறவரிடம் பழைய டப்பாவை வாங்கி, மிச்சத்தை எண்ணுவது என் வேலை. கணக்குத் தப்பாத ஒருவர் ஒரு மாதம் 11 மாத்திரை மிச்சத்தோடு வந்தார். "மறந்துட்டேன் சார்." நானும் வழக்கமான பாட்டைப் பாடினேன்: அலாரம் வையுங்கள், விட்டு விட்டுப் போட்டால் மருந்து கேட்காமல் போய்விடும். தலையாட்டிக்கொண்டே எழுந்தவர் கதவருகே நின்றார். "ராத்திரி டப்பாவைக் கையில எடுப்பேன். எதுக்குன்னு தோணும். வெச்சிடுவேன்."

மறதி என்றால் அலாரம் போதும். இதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் தேடிப் படித்ததில் கிடைத்தவைதான் உகாண்டா மனநல மருத்துவர் எத்தெல்ட்ரெடா நகிமுலி-ம்புங்குவின் ஆய்வுகள். முதலில் 109 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு 2015இல் வந்தது. பெரியது 2020இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில். பல வருடம் உள்நாட்டுப் போரில் அடிபட்ட வடக்கு உகாண்டாவில் 30 சுகாதார நிலையங்கள், எச்ஐவியும் மனச்சோர்வும் சேர்ந்து இருக்கும் 1140 பேர். ஒரு பிரிவுக்குக் குழுவாக உளச்சிகிச்சை, எட்டு அமர்வுகள். மற்ற பிரிவுக்கும் குழுதான், ஆனால் எச்ஐவி பற்றிய வகுப்பு மட்டும். உளச்சிகிச்சையை நடத்தியவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணப் பணியாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வகுப்புக்குப் போனவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு தொடர்ந்தது. சிகிச்சைக் குழுவில் ஒரு சதவீதம்கூட இல்லை.

நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு ஒரு இடம். ஆண்களுக்குத் தனிக் குழு, பெண்களுக்குத் தனிக் குழு. மனபாரத்தைப் பேசி, சமாளிக்கும் வழிகளைக் கற்ற பிறகு, வருமானம் ஈட்டுவது பற்றியும் பேசுகிறார்கள். மனநல சிகிச்சையில் பிழைப்புக்கு என்ன வேலை என்று முதலில் தோன்றியது. அடுத்த முறை அந்த 11 மாத்திரைக்காரர் வந்தபோது மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை, வேலை எப்படிப் போகிறது என்றேன். அரை மணி நேரம் பேசினார். வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சொல்லவே இல்லை.

எட்டு வருட மாத்திரை:

என் கதை கொஞ்சம் வேறு. எனக்கு ஆரம்பத்தில் கொடுத்த கூட்டு மாத்திரையில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்தது. ராத்திரி போட்டுப் படுத்தால் கனவா அது! தரை வழுக்கிக்கொண்டே போகும், கூப்பிட்டால் குரல் வராது. விடிந்தால் தலை கிறுகிறுக்கும், சாயங்காலம் வரை யாரைப் பார்த்தாலும் எரிச்சல். எச்ஐவி வந்துவிட்டதே என்ற கவலைதான் இப்படிப் படுத்துகிறது, என் மனசு பலவீனம் என்று ஒரு வருடம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கனவும் தலைசுற்றலும் மனச்சோர்வும் அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள் என்று ஒரு வரி யாராவது சொல்லியிருக்கலாம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் முதல் தேர்வாக டோலுடெக்ராவிர் என்ற வேறு மருந்தைப் பரிந்துரைத்தது. எனக்கும் பிறகு அதற்கு மாற்றினார்கள். அதுவும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், காலையில் போட்டால் சரியாக இருக்கிறது. தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லாமே மனசுதான் என்றும் நினைக்காதீர்கள், எல்லாமே மருந்துதான் என்றும் நினைக்காதீர்கள்.

வார்டு அக்கா:

நான் நர்ஸ். எங்களிடம் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பிஎச்க்யூ-9 படிவம் கொடுத்தார்கள். ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. 0 முதல் 27 வரை மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வரிசையில் ஆட்கள் நிற்க, மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து சத்தமாக வாசித்தேன். அத்தனை பேரும் பூஜ்யம். அட, நம்மிடம் வருகிறவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்களே என்று நினைத்தேன்! பிறகு நாற்காலியை மூலைக்கு இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் எண்கள் மாறின. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு ஆம் என்றால் மொத்த மதிப்பெண் என்னவானாலும் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போய்விடுவேன்.

ஒரு சிக்கலும் உண்டு. சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை மூன்றும் அந்தப் படிவத்தில் இருக்கின்றன. நோய் முற்றிய நிலையில் வருகிறவருக்கு அவை உடம்பாலும் வரும். படிவத்தை மட்டும் நம்பி முத்திரை குத்த முடியாது.

சந்தேகப் பேர்வழி:

அந்த உகாண்டா ஆய்வில் மனச்சோர்வு ஒரு சதவீதத்துக்கும் கீழேயா? எனக்கு உறுத்துகிறது. இவ்வளவு நல்ல முடிவு வந்தால் வேறு ஊரில், வேறு ஆட்கள் செய்து பார்க்கும்வரை பொறுப்பேன்.

பழைய கவுன்சிலர்:

பொறுப்பதில் தப்பில்லை. நானும் அந்த எண்ணை அப்படியே எதிர்பார்க்கவில்லை. வகுப்பு மட்டும் கேட்ட பிரிவிலேயே பெரும்பாலானோர் தேறியிருக்கிறார்களே, அதையும் பாருங்கள். நாலு பேரோடு கூடி உட்காருவதற்கே ஏதோ பலன் இருக்கிறது என்பது என் ஊகம்.

வார்டு அக்கா:

சார், படிவம் இல்லாமல் பேச்சை எப்படி ஆரம்பிப்பீர்கள்?

பழைய கவுன்சிலர்:

தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று ஆரம்பிப்பேன். டப்பாவை எண்ணுவது கடைசியில்தான். மிச்சம் இருந்தால், "ஏன் போடலை?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "டப்பாவைக் கையில எடுக்கும்போது என்ன தோணுது?" என்பேன். அது அவர் கதவருகே நின்று எனக்குக் கொடுத்துவிட்டுப் போன கேள்வி.