இரண்டு கண்டெய்னரை ஒட்டி வைத்து நடுச்சுவரை வெட்டினேன், கூரை தொங்குகிறது. உதவுங்கள்

ஒற்றியூர் வாத்தியார்:
திருவொற்றியூரில் அரை கிரவுண்டில் (30க்கு 40 அடி) டியூஷன் சென்டர் போடுகிறேன். மணலி பக்கம் ஒரு யார்டில் பழைய 20 அடி பெட்டி இரண்டு வாங்கினேன். உள்ளே அகலம் 2.35 மீட்டர், ஏழே முக்கால் அடிகூட இல்லை. பெஞ்ச் போட்டால் பிள்ளைகள் எழுந்து போக வழியில்லை. சரி, ஒட்டி வைத்து நடுச்சுவரை எடுத்தால் ஒரே ஹால் ஆகுமே என்று வெல்டரிடம் சொன்னேன். இரண்டிலும் நீளச்சுவரை முழுசாக வெட்டிவிட்டார். இப்போது கூரை நடுவில் ஒரு இஞ்ச் இறங்கியிருக்கிறது, கதவு சாத்த முடியவில்லை. நேற்று மழையில் இணைப்பு வழியாக ஒழுகிப் பலகையெல்லாம் ஈரம். நடுவில் ஒரு தூண் கொடுத்தால் போதுமா?

இரும்புக்கடை தம்பி:
போதாது அண்ணே. பெட்டிக்குப் பலம் மூலையில் என்பார்கள். கப்பலில் அடுக்கும்போது அது சரி. ஆனால் 20 அடி நீளத்துக்கும் கூரையையும் தரையையும் வளையாமல் பிடித்திருப்பது அந்த மடிப்புத் தகரச் சுவர்தான். அது போனால் மேலே மிஞ்சுவது ஒரு சின்ன சதுரக் குழாய். ஜாக்கி வைத்துக் கூரையை மட்டத்துக்குத் தூக்கி, வெட்டிய வாயைச் சுற்றி மேலும் கீழும் பீம், இரு பக்கமும் தூண் என்று முழுச் சட்டம் கொடுங்கள். பீம் அளவை இன்ஜினியர் சொல்லட்டும். வெட்டிய ஓரம் துருப்பிடிக்காமல் இருக்க அன்றைக்கே சிங்க் பிரைமர் அடியுங்கள். கடல் காற்று காத்திருக்காது.

வரைபலகை:
சட்டம் கொடுத்தாலும் ஒட்டி வைத்த இடத்தில் ஒழுகத்தான் செய்யும். ஏன் ஒட்ட வேண்டும்? 10 அடி தள்ளி வையுங்கள், வெட்டிய வாய்கள் எதிரெதிரே இருக்கட்டும். பெட்டி 8, இடைவெளி 10, பெட்டி 8, மொத்தம் 26 அடி. உங்கள் மனையில் அடங்கும். ராயபுரம் பக்கத்துப் பழைய ஒண்டுக்குடித்தனத்தில் அறை பெட்டி மாதிரிதான் இருக்கும், பிழைப்பெல்லாம் முற்றத்தில் நடக்கும். கனடாவின் மாண்ட்ரியலில் 1967இல் கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி 354 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கி 158 வீடு கட்டினார். ஒரு வீட்டின் கூரை இன்னொரு வீட்டுக்குத் தோட்டம். பெட்டியின் அளவை மாற்றவே முடியாது, நம் கையில் இருப்பது இடைவெளிதான். நீளவாக்கில் கிழக்கு மேற்காக வைத்தால் மதியக் கடல் காற்று நடுவே ஓடும். இரண்டு பெட்டி, நடு இடைவெளி மூன்றுக்கும் சேர்த்து, பெட்டிக்கு மேலே ஓரடி உயரத்தில் ஒரு ஷீட் கூரை போட்டால் பெட்டி அடுப்பாகாது.

ஒற்றியூர் வாத்தியார்:
ஆஹா, வெட்டியது வீண் இல்லை! பெட்டிகளைத் தூக்கித் தள்ளி வைக்க ஹைட்ரா கிரேனை ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லிவிட்டேன்.

இரும்புக்கடை தம்பி:
நிறுத்துங்கள் அண்ணே! சட்டம் அடிக்காமல் தூக்கினால் பெட்டி முறுக்கிக்கொள்ளும். முதலில் வெல்டிங், அப்புறம் ஹைட்ரா. இன்னொன்று, தரைப் பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். என்ன மருந்து என்று கதவில் இருக்கும் தகட்டில் பாருங்கள். பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள் அல்லவா?

ஒற்றியூர் வாத்தியார்:
ஹைட்ராவை ரத்து செய்துவிட்டேன். தகட்டின் மேல் நேற்றுதான் நீலப் பெயிண்ட் அடித்தார்கள், சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.