பாரிஸ் வாக்குறுதி: நாடாளுமன்றத்தில் எப்படிக் கேட்டால் நேரான பதில் வரும்?

செந்தாழை:
எம்.பி. அலுவலகம் ஒன்றுக்குக் கேள்விகள் எழுதிக் கொடுக்க வேண்டும். பருவநிலை மாற்றம் தொடர்பாக இந்தியா உலக அரங்கில் கொடுத்த வாக்குறுதிகள்தான் பொருள். பழைய பதில்களைப் புரட்டினால் எல்லாம் ஒரே அச்சு. "இந்தியா சரியான பாதையில் செல்கிறது" என்று ஒரு வரி, கீழே இரண்டு பக்கத்துக்குத் திட்டங்களின் பெயர். பாரிஸ் உடன்படிக்கை அவையின் ஒப்புதலுக்கு வந்ததா? எந்த எண்ணைப் பிடித்தால் அமைச்சகம் நழுவ முடியாது? கேள்வி நேரத்தை விட்டால் வேறு வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவைக்குறிப்பு:
ஒப்புதலுக்கு வரவில்லை. வரவேண்டிய கட்டாயமும் இல்லை. ஒப்பந்தம் செய்வது அரசியலமைப்பின் 73ஆவது பிரிவின்படி நிர்வாகத்தின் வேலை. அதை நிறைவேற்றத் தனிச் சட்டம் தேவைப்பட்டால்தான் 253ஆவது பிரிவு வழியாக நாடாளுமன்றத்துக்கு வேலை வரும். பாரிஸ் விஷயத்தில் 2016 ஏப்ரல் 22 நியூயார்க்கில் கையெழுத்து, செப்டம்பர் 28 அமைச்சரவை ஒப்புதல், அக்டோபர் 2 ஐ.நா.விடம் ஏற்புப் பத்திரம். 2022இல் இலக்குகளைத் திருத்தியபோதும் இதே கதைதான்: ஆகஸ்ட் 3 அமைச்சரவை, ஆகஸ்ட் 26 ஐ.நா. செயலகம். அந்த ஆகஸ்ட் 3 அன்று மழைக்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் இப்படித்தான் என்றில்லை. கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டுக்கு முன், 2009 டிசம்பர் 3 அன்று, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், உமிழ்வுச் செறிவை (ஜிடிபியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியேறும் பசுங்குடில் வாயு அளவு) 20 முதல் 25 சதவீதம் குறைக்கும் இலக்கை மக்களவையில் விவாதத்துக்குப் பதில் சொல்லும்போதுதான் அறிவித்தார். 2021இல் வரிசை தலைகீழ். நவம்பர் 1 அன்று கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் ஐந்து இலக்குகளை அறிவித்தார். அதற்குப் பிறகு, டிசம்பரில், 193ஆவது விதியின்கீழ் மக்களவை பருவநிலை மாற்றத்தை விவாதித்தது. தொடங்கிவைத்தவர் தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி. அந்த விதியில் வாக்கெடுப்பு கிடையாது, தீர்மானமும் கிடையாது. பேசலாம், அமைச்சர் பதில் சொல்வார், அவ்வளவே.

கிகாவாட்:
எண்களுக்கு வருகிறேன். பதில்கள் வழுக்குவதற்கு முக்கியக் காரணம், கேட்பவர்கள் கிளாஸ்கோ பேச்சையும் ஐ.நா.விடம் எழுத்தில் கொடுத்த ஆவணத்தையும் ஒன்றாக்கிவிடுவது. இரண்டும் வேறு வேறு.

கிளாஸ்கோவில் சொன்னவை: 2030க்குள் புதைபடிவம் சாராத (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத) 500 கிகாவாட் மின் நிறுவுதிறன், எரிசக்தித் தேவையில் பாதி புதுப்பிக்கத்தக்கது, எதிர்பார்க்கப்படும் உமிழ்வில் 100 கோடி டன் குறைப்பு, 2005ஐ ஒப்பிட்டு உமிழ்வுச் செறிவில் 45 சதவீதக் குறைப்பு, 2070இல் நிகர பூஜ்யம் (வெளியேற்றும் அளவும் ஈர்க்கும் அளவும் சமம்). 2022 ஆகஸ்ட் என்டிசி ஆவணத்தில் (பாரிஸ் உடன்படிக்கையின்கீழ் ஒவ்வொரு நாடும் ஐ.நா.விடம் எழுத்தில் தரும் இலக்குகள்) 45 சதவீதம் இருக்கிறது. "எரிசக்தித் தேவையில் பாதி" என்பது "மின் நிறுவுதிறனில் சுமார் பாதி" என்று சுருங்கி, தொழில்நுட்பமும் குறைந்த வட்டி சர்வதேச நிதியும் கிடைத்தால் என்ற நிபந்தனையோடு வந்திருக்கிறது. 500 கிகாவாட்டும் 100 கோடி டன்னும் இலக்குகளாக அதில் இல்லை. ஆகவே "பாரிஸ் உடன்படிக்கையின்கீழ் அளித்த 500 கிகாவாட் வாக்குறுதி" என்று எழுதினால், கேள்வி முதல் வரியிலேயே தவறு.

இனி ஒவ்வொன்றிலும் உள்ள ஓட்டை.

நிறுவுதிறன்: 2025 ஜூன் முடிவில் மொத்தம் 484.8 கிகாவாட், அதில் புதைபடிவம் சாராதது 242.8. பாதி தாண்டிவிட்டது, ஐந்தாண்டு முன்கூட்டியே. ஆனால் சூரியத் தகடு ராத்திரியில் உற்பத்தி செய்யாது. உற்பத்தியான யூனிட் கணக்கில் புதைபடிவம் சாராத மின்சாரத்தின் பங்கு ஏறக்குறைய கால்வாசிதான். கேள்வியில் "நிறுவுதிறன்", "உற்பத்தி" இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். "புதுப்பிக்கத்தக்க" என்று எழுதினால் அணுமின் கணக்கு விடுபடும். "புதைபடிவம் சாராத" என்றால் பெரிய நீர்மின் நிலையமும் அணுவும் சேரும். 500ஐ எட்ட 2025 ஜூலையிலிருந்து ஐந்தரை ஆண்டில் 257 கிகாவாட் வேண்டும், அதாவது ஆண்டுக்கு 47. 2024-25இல் புதுப்பிக்கத்தக்க பிரிவில் சேர்ந்தது 29.5, அதுவே அதுவரையிலான சாதனை. ஆண்டுவாரி அட்டவணை கேட்க வேண்டிய இடம் இது.

உமிழ்வுச் செறிவு: இது உமிழ்வைக் குறைப்பதல்ல. ஜிடிபி இரண்டு மடங்காகி உமிழ்வு ஒன்றரை மடங்கானாலும் செறிவு 25 சதவீதம் குறைந்ததாகக் கணக்கு வரும். 2019 வரை 33, 2020 வரை 36 சதவீதம் குறைந்ததாக அரசு ஐ.நா.விடம் தெரிவித்திருக்கிறது. 2020 கொரோனா ஆண்டு. அந்த ஆண்டு மட்டும் மொத்த உமிழ்வு 7.93 சதவீதம் விழுந்தது. 2015இல் வைத்த இலக்கே 2030க்குள் 33 முதல் 35 சதவீதம்தான். அதை 2019லேயே தொட்டோம் என்றால், பாராட்டுவதோடு இலக்கு எவ்வளவு தாழ்வாக வைக்கப்பட்டது என்றும் கேட்கத்தான் வேண்டும். 2009 இலக்கில் விவசாய உமிழ்வு சேரவில்லை. எனவே சேர்த்தா சேர்க்காமலா என்று இப்போதும் எழுதிக் கேளுங்கள்.

காடு: கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்ப்பது இலக்கு. 229 கோடி ஆகிவிட்டது என்கிறார்கள், 2005லிருந்து எண்ணி. 2015 ஆவணத்தின் அந்த வரியில் அடிப்படை ஆண்டு எழுதப்படவில்லை. அதுதான் கேள்வி.

மூன்றாம் வாசிப்பு:
வழிமுறை பற்றி. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்வி (வாய்மொழிப் பதிலுக்கு), 230 நட்சத்திரமிடாத கேள்வி (எழுத்துப் பதில் மட்டும்). மாநிலங்களவையில் 15, 160. எல்லாம் குலுக்கல். நட்சத்திரம் கிடைத்தாலும் ஒரு மணி நேரத்தில் நாலைந்துக்கு மேல் வாய்மொழியாக வராது. மீதி எழுத்துப் பதிலாகிவிடும். வாய்மொழியாக வந்தால் உறுப்பினருக்கு இரண்டு துணைக் கேள்வி. அவற்றை முன்கூட்டியே எழுதி வைக்காமல் போய் வீணடிப்பவர்கள்தான் அதிகம். பதில் மழுப்பலாக இருந்தால் 55ஆவது விதியில் அரைமணி விவாதம் கேட்கலாம் (மாநிலங்களவையில் 60), மூன்று நாள் முன்னறிவிப்போடு.

பலரும் கவனிக்காத கருவி உறுதிமொழிக் குழு. "தகவல் திரட்டப்படுகிறது", "பரிசீலனையில் உள்ளது" என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். கால நீட்டிப்பு கேட்பார்கள்தான். ஆனாலும் கோப்பு மூடாது.

நிலைக்குழு: அறிவியல், சுற்றுச்சூழலுக்கான துறைசார் குழு மாநிலங்களவைச் செயலகத்தின்கீழ் வருகிறது. அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை, அதாவது ஆண்டுச் செலவுக்குக் கேட்கும் தொகையை, ஆராயும். சிக்கல் என்னவென்றால், வாக்குறுதி கொடுக்கும் அமைச்சகத்திடம் பணம் இல்லை. 2025-26 பட்ஜெட்டில் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு 3,412 கோடி ரூபாய். வேறொரு அமைச்சகத்தின் வீட்டுக்கூரை சூரிய மின் திட்டம் ஒன்றுக்கே 20,000 கோடி. ஒரு குழுவின் மேசைக்கு முழுப் படம் வராது. அந்த வகையில் 2018 டிசம்பரில் மக்களவையின் மதிப்பீட்டுக் குழு தேசியப் பருவநிலைச் செயல்திட்டத்தின் எட்டு இயக்கங்களையும் சேர்த்துப் பார்த்துக் கொடுத்த அறிக்கை உங்களுக்கு அதிகம் உதவும்.

தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல்.

அலையாத்தி:
பிரிட்டனில் ஒப்பந்தங்களை 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கிறார்களே, அது இங்கே இருந்தால் பாதிப் பிரச்சினை தீராதா?

மூன்றாம் வாசிப்பு:
தீராது. அந்த 2010 சட்டம் ஒப்பந்தத்துக்குத்தான். என்டிசி ஒப்பந்தம் அல்ல, ஒப்பந்தத்தின்கீழ் கொடுக்கும் அறிவிப்பு; அங்கேயும் அது அந்த வலையில் சிக்காது. அவர்களின் பலம் 2008 பருவநிலைச் சட்டம். சுயேச்சைக் குழு ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் அறிக்கை வைக்க, அரசு அக்டோபர் 15க்குள் பதில் சொல்லியாக வேண்டும். நாள் குறித்த பதில், அதுதான் விஷயம். நம்மிடம் பருவநிலை விஷயங்கள் எல்லாவற்றையும் அடக்கும் அப்படியொரு குடைச்சட்டம் இல்லை என்பதை 2024 மார்ச் 21 கானமயில் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது.

செந்தாழை:
நன்றி. வரைவு இது, பார்த்துச் சொல்லுங்கள்:
"(அ) 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் அறிவித்த 100 கோடி டன் குறைப்பு எந்த ஆண்டின் எந்த முன்கணிப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது, (ஆ) இதுவரை குறைந்த அளவு ஆண்டுவாரியாக, (இ) 2022 என்டிசியில் அதைச் சேர்க்காததற்குக் காரணம், (ஈ) 500 கிகாவாட்டை எட்ட ஆண்டுவாரி இலக்கு, (உ) 2016 முதல் இதற்காகப் பெற்ற சர்வதேச நிதி?"

அவைக்குறிப்பு:
(அ) முதல் (இ) வரை அருமை. (ஈ)யை வெட்டி, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்துக்குத் தனிக் கேள்வியாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் "(அ) முதல் (உ) வரை" என்று மொத்தமாகக் கட்டி ஒரே பத்தியில் பதில் தருவார்கள், மற்ற நாலும் அதில் மூழ்கிவிடும். (உ)வில் மானியமா கடனா என்று பிரித்துக் கேளுங்கள். 150 சொல்லைத் தாண்டக் கூடாது. பதில் நாளுக்கு முழுதாக 15 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும்.