747-400 சரக்கு விமானத்தில் 2.8 மீட்டர் உயர இயந்திரம்: மூக்குக் கதவு வழியாக ஏற்றலாமா?

கேள்வி: இயந்திரத்தின் உயரம் 2.8 மீ, நீளம் 4 மீ, எடை 9 டன். விமானத்தின் முன்முனையில் மேலே தூக்கித் திறக்கும் மூக்குக் கதவு இதற்குப் போதுமா?

பதில் 1: போதாது. விமானி அறை அதற்கு நேர் மேலே இருப்பதால் அங்கே உயரம் சுமார் 2.4 மீட்டர்தான். பக்கக் கதவு ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், அதில் ஏற்றுங்கள். மூக்குக் கதவு நீளமான குழாய், விட்டங்களுக்கே உதவும். பயணிகள் விமானத்திலிருந்து மாற்றியமைத்த வகையில் அந்தக் கதவே கிடையாது. எந்த வகை விமானம் வருகிறதென்று முதலில் கேளுங்கள்.

பதில் 2: எடையையும் பாருங்க. 96×125 அங்குல பேலட் (சரக்கை வைத்துக் கட்டும் உலோகத் தட்டு) ஒன்றின் வழக்கமான உச்சவரம்பு, பேலட்டையும் சேர்த்து 6,804 கிலோ. 9 டன்னுக்கு 20 அடி பேலட் வேண்டும். அடியில் மரக்கட்டைகள் வைத்துப் பாரத்தைப் பரப்பாவிட்டால் தளம் தாங்காது.

பதில் 3: சரக்கைக் கட்டும் பட்டையின் கோணம் ரொம்ப முக்கியம். 2,268 கிலோ தாங்கும் பட்டையை 45 பாகையில் கட்டினால் ஒரு திசைக்குக் கிடைப்பது சுமார் 1,600 கிலோதான். 2013இல் ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் ஒரு 747 சரக்கு விமானத்துக்குள் ராணுவ வாகனம் கட்டவிழ்ந்து பின்னால் ஓடி, ஹைட்ராலிக் அமைப்புகளையும் வால் கிடைத்தளத்தை இயக்கும் திருகையும் சிதைத்தது. விமானம் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். பட்டை எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு எழுதி வாங்குங்கள், கண்ணளவில் விடாதீர்கள்.

பதில் 2: இறக்கும்போது வால்பக்கச் சரக்கை முதலில் எடுக்கச் சொல்லுங்க. முன்பக்கம் காலியானால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும்.