பயந்து ஒளிந்துகொண்டே இருக்கும் முயல்: எங்கள் கருப்பியோடு கற்றது

மோசமான இடத்திலிருந்து மீட்டு வந்த முயலை வீட்டுக்குள் வளர்க்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் கருப்பி முன்பு குறுகலான கம்பிக் கூண்டுக்குள்ளேயே கிடந்தவள். யாராவது கையை நீட்டினால் போதும், காதுகளை முதுகோடு ஒட்டிக்கொண்டு, கண் பிதுங்க, அசையாமல் உட்கார்ந்துவிடுவாள். வந்து பார்த்தவர்கள் எல்லாம் "எவ்வளவு சாது!" என்றார்கள். சாது எல்லாம் இல்லை, பயத்தில் அப்படியே உறைந்துபோயிருந்தாள்.

முயல் இன்னொரு விலங்குக்கு இரையாகிற பிராணி. மேலேயிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்துதான். அதனால் முதலில் தூக்குவதை நிறுத்துங்கள். திமிறி உதைக்கும்போது முதுகெலும்பே முறிந்துவிடலாம், அவ்வளவு மெல்லிய எலும்பு. மல்லாக்கப் போட்டால் சில முயல்கள் அசையாமல் கிடக்கும், அதைச் சுகம் என்று நினைக்காதீர்கள், அதுவும் பயம்தான்.

ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து இரண்டு பக்கமும் வாசல் வெட்டி வைத்தோம். ஒரே வாசல் என்றால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் போகாது. வழவழப்பான தரையில் முயலுக்குக் கால் வழுக்கும், நாய் பூனைக்கு இருப்பது போன்ற மெத்தென்ற பாதம் அதற்குக் கிடையாது, வெறும் ரோமம்தான். விரிப்பு போட்ட பிறகுதான் கருப்பி பெட்டியை விட்டே வெளியே வர ஆரம்பித்தாள்.

அப்புறம் நான் செய்தது ஒன்றே ஒன்று, தினமும் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். அவளைப் பார்க்கவில்லை, கூப்பிடவில்லை. உள்ளே புல்லை மெல்லும் சத்தம் கேட்கும், பக்கத்தைத் திருப்பினால் நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மெல்லுவாள். ஒரு நாள் பின்னங்கால் இரண்டையும் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு உடம்பை நீட்டி, என் கால் கட்டைவிரலை முகர்ந்து பார்த்துவிட்டு ஓடிவிட்டாள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது! மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது முயலுக்குத் தெரியாது, கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அப்படி. எனவே தொடும் காலம் வரும்போது பக்கத்திலிருந்து கையைக் கொண்டுபோய் நெற்றியை வருடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் இது. ஒளிந்துகொண்டால் பரவாயில்லை, ஆனால் சாப்பிடாமல் இருந்தால் அப்படியே விடவே கூடாது. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பயமே அதை நிறுத்திவிடும். அரை நாள் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல், முயல்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் உடனே ஓடுங்கள். காலையில் எழுந்ததும் நான் பார்ப்பது புழுக்கையைத்தான், உருண்டையாக, பெரிதாக, நிறைய இருந்தால் நிம்மதி. சிறுத்துப் போயிருந்தால் கவலைப்பட வேண்டும். கொத்தாக, மென்மையாக வரும் புழுக்கையை முயல் தானே தின்னும், அது இயல்பு, தடுக்காதீர்கள்.

உணவில் பெரும்பங்கு காய்ந்த புல்லாகவே இருக்கட்டும், குடலுக்கும் வேண்டும், வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள் தேயவும் வேண்டும். புல்லை மலம் கழிக்கும் தட்டின் ஒரு ஓரத்திலேயே வைத்துவிட்டால் இடத்தைச் சீக்கிரம் பழகிக்கொள்ளும், தின்றுகொண்டே மலம் கழிப்பதுதான் அதன் வழக்கம். மின்கம்பிகளை எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள், கட்டாயம் கடிக்கும். பெண் முயல் என்றால் கருத்தடை அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், வயது ஏற ஏற கருப்பையில் புற்றுநோய் வரும் ஆபத்து அவற்றுக்கு அதிகம்.

பாத்திரம் விழுந்தால் கருப்பி இன்றும் பின்னங்காலால் தரையில் 'தம்' என்று அடிப்பாள். ஆனால் அடித்த கையோடு பெட்டிக்குள் ஓடுவதில்லை. தூக்க மட்டும் விடமாட்டாள், நாங்களும் முயல்வதில்லை. மருத்துவரிடம் கொண்டுபோகும் கூடையை எப்போதும் திறந்தே, உள்ளே புல் போட்டு அறையில் வைத்திருக்கிறோம், அவளாகவே ஏறி உட்கார்ந்து தின்பாள், கதவைச் சாத்தினால் போதும்.